நாலு கோடு நோட்டில் தமிழ்

எழுத்து வரையக் கற்க வேண்டும் என்று யார் போய்க் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது. முதலில் ஆங்கில எழுத்தில் அடிப்படையைக் கற்றுக்கொள். அடிப்படை உலகத்துக்கெல்லாம் பொது. அது கைவந்துவிட்டால் தமிழ் தானாக வரும். வடிவமைப்புக் கல்லூரி ஆசிரியர் இதைச் சொல்கிறார், விளம்பர நிறுவனத்து மூத்தவர் சொல்கிறார், கணினி வழியே பாடம் நடத்தும் இளைஞரும் சொல்கிறார். தமிழர்களே தமிழ்ப் பிள்ளைகளிடம் சொல்கிறார்கள். இந்தக் கருத்து தவறு என்றே நான் நினைக்கிறேன். அதனால் விளைந்த சேதத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதால் எழுதுகிறேன்.

டில்லியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கைந்து பேருக்குத் தமிழ் எழுத்து வரையச் சொல்லித் தருகிறேன். போன குளிர்காலத்தில் ஒரு பையன் வந்தான். எழுத்து வடிவமைப்பில் சான்றிதழ் வாங்கியவன், சுத்தமான கை. அவன் வரைந்திருந்த ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அடுத்த தாளில் தமிழ் இருந்தது. ஆங்கில ‘என்’னின் வளைவைக் கொஞ்சம் மாற்றி ‘ன’ செய்திருந்தான். அதே வளைவை இன்னொரு முறை ஒட்டி ‘ண’. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சுழிகள் எல்லாம் ஒரே அளவு வட்டம். தாளில் பென்சிலால் நான்கு கோடுகள் போட்டிருந்தான். அந்தக் கோடுகளைப் பார்த்ததும் கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது.

நம் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலத்துக்கு நாலு கோடு நோட்டு, தமிழுக்கு ரெண்டு கோடு நோட்டு. ஆறு வயதில் நாம் எல்லோரும் அறிந்திருந்த இந்த வேறுபாட்டைத்தான் கல்லூரியில் மறக்கச் சொல்கிறார்கள். ஆங்கிலச் சின்ன எழுத்துக்கு நாலு கோடு தேவை. உடல் நடு இரண்டு கோட்டுக்குள் இருக்க, ‘பி’, ‘டி’, ‘ஹெச்’ மேலே ஏறுகின்றன. ‘ஜி’, ‘ஒய்’ கீழே இறங்குகின்றன. எழுத்துக்கு எழுத்து உயரம் மாறுவதால்தான், நடு உடலின் உயரமான ‘எக்ஸ்-ஹைட்’ என்ற அளவு அவர்களுக்கு உயிரானது. தமிழில் உயிரும் மெய்யும் பெரும்பாலும் இரண்டு கோட்டுக்குள் ஒரே உயரத்தில் நிற்கின்றன. கோட்டுக்கு வெளியே போவது மேலே புள்ளியும் இகரக் குறியான விலங்கும், கீழே ரகர, றகர, ழகர வால்களும் உகரக் குறிகளும். நம் எழுத்தில் பெரிதாக மாறுவது அகலம். ரகரம் ஓர் ஒல்லிக் குச்சி. ணகரம் மூன்று சுழியோடு அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கிறது. ஆங்கிலத்திலும் ‘ஐ’ ஒல்லி, ‘எம்’ அகலம்தான். ஆனால் அங்கே கண் சொல்லைப் பிடிப்பது ஏற்ற இறக்கத்தில். இங்கே விரிவிலும் சுருக்கத்திலும். இதை அறியாமல் எக்ஸ்-ஹைட்டில் தொடங்குகிற மாணவன் தமிழில் இல்லாத ஒரு சிக்கலுக்கு விடை தேடிக்கொண்டிருப்பான். இருக்கும் சிக்கல் அவன் கண்ணில் படாது.

அந்தப் பையனிடம் இதைப் பேச்சாகச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு வரச் சொன்னேன். என் முதல் வகுப்பு எப்போதும் அங்கேதான். மெட்ரோவில் இறங்கி, தில்லி ஹாட்டுக்கு எதிர்ப்புறம் அரவிந்தர் சாலையைத் தாண்டினால் சந்துகள் தொடங்குகின்றன. மீனுக்கு வங்காளிகள், நேந்திரங்காய்க்கு மலையாளிகள், வெளிநாட்டுச் சீஸுக்குத் தூதரகத்துக்காரர்கள், முருங்கைக்காய்க்கும் அப்பளத்துக்கும் நாம். இந்தி, ஆங்கிலம், மலையாளம், அங்கங்கே தமிழ் என்று ஒரே சுவரில் பலவித எழுத்துகள். வடக்கே பலர் நம் எழுத்தை ‘ஜிலேபி’ என்று சொல்லிச் சிரிப்பார்கள். அந்தச் சொல்லில் உள்ள அறியாமையும் கல்லூரிப் பாடத்தில் உள்ள அறியாமையும் ஒன்றுதான். இரண்டும் எழுத்தின் மேல்தோற்றத்தை மட்டும் பார்க்கின்றன. பேனா எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்று பார்ப்பதில்லை.

முதல் பயிற்சி அந்தச் சந்தையின் பெயரையே தமிழில் எழுதுவது. ஐ, எ, ன், ஏ. நான்கே எழுத்து, ஆனால் பாதிப் பாடம் இதில் இருக்கிறது. எகரத்தையும் ஏகாரத்தையும் பிரிப்பது காலடியில் ஒரு சின்ன இழுப்பு. அந்த இழுப்பு பழைய காலத்தில் இல்லை. குறில் எகரத்துக்குப் புள்ளி உண்டு என்பது தொல்காப்பிய விதி. ஓலையில் பலர் புள்ளி வைக்காமல் விட்டுவிட, குறிலா நெடிலா என்பதை இடம் பார்த்து ஊகிக்க வேண்டியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் தந்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தார். ஆக, ஏகாரத்தின் அடியிழுப்பை ஓர் அலங்காரம் என்று நினைத்துச் சுருக்குகிறவர் அவர் தீர்த்த குழப்பத்தைத் திரும்பக் கொண்டுவருகிறார்.

இங்கே ஆங்கிலப் பாடநூலின் இன்னொரு விதியைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு வரியின் கீழ்ப்பாதியை மூடினாலும் படிக்க முடியும், மேல்பாதியை மூடினால் முடியாது. ஆகவே அடையாளம் மேல்பாதியில் இருக்கிறது என்பார்கள். ஆங்கிலத்துக்கு அது உண்மை. தமிழில் கீழ்ப்பாதியை மூடுங்கள். எகரமும் ஏகாரமும் ஒன்றாகிவிடும். ஒகரமும் ஓகாரமும் ஒன்றாகிவிடும். ரகரம் காலாகிவிடும். முகரமும் மூகாரமும் கலந்துவிடும். மேல்பாதியை மூடினால் புள்ளியும் கொக்கியும் போய்விடும். நமக்கு இரண்டு பாதியும் வேண்டும். அடிப்படை என்ற பெயரில் கற்றுத்தந்த விதி, ஒரு சந்தைப் பலகையின் முன்னால் ஐந்து நிமிடம் தாங்கவில்லை.

அடுத்த சொல் ‘கடை’. ஆங்கிலத்தில் எழுத்துகளுக்கு இடையில் எவ்வளவு வெளி விடுவது என்பதற்கு ஒரு பயிற்சி உண்டு. நேர்கோட்டு எழுத்துக்கு ‘என்’, வளைவுக்கு ‘ஓ’; இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்கி வெளியைச் சரிசெய்துவிட்டால் மற்ற எழுத்துகள் இவற்றைப் பின்பற்றும். அருமையான பயிற்சி. ஆனால் டகரத்தை இதில் எங்கே வைப்பது? இடப்பக்கம் நேர்கோடு, அடியில் படுக்கைக்கோடு, வலப்பக்கம் முழுக்கத் திறந்த வெளி. ‘பட்டாணி’ என்று எழுதினால் அடுத்தடுத்து இரண்டு பள்ளங்கள் விழுகின்றன, முதல் பள்ளத்தின் மேல் புள்ளி. அந்தப் புள்ளியை அளவுகோல் வைத்து நடுவில் போட்டால் காற்றில் தொங்குவது போலத் தெரியும். கை தானாக வைக்கும் இடம் வேறு. எங்கே என்று அறிய இருபது பேரை எழுதச் சொல்லிப் பார்ப்பதுதான் வழி. ‘கடை’ என்ற சொல்லில் இன்னொன்றும் உண்டு. ஒலியில் டகரத்துக்குப் பின் வரும் ஐகாரம், வடிவில் சங்கிலிக்கொம்பாக அதற்கு முன்னால் நிற்கிறது. கொம்பு தன் டகரத்தோடு ஒட்டி, ககரத்தை விட்டு மயிரிழை விலகி நிற்க வேண்டும். இந்த உறவு ‘என்’னிலும் ‘ஓ’விலும் கிடையாது, அதை எவ்வளவு பயின்றாலும் வராது.

தடித்த எழுத்துக்கு என் சோதனைச் சொல் ‘நல்லெண்ணெய்’. ஆங்கிலத்தில் பருமனாக்கும்போது தண்டைத் தடிப்பாக்கு என்பது பாடம். இந்தச் சொல்லில் அப்படிச் செய்தால் இரண்டு ணகரத்தின் ஆறு சுழியும் அடைத்துக்கொண்டு மைக்கட்டியாகிவிடும். மூணு சுழி எது, ரெண்டு சுழி எது என்று தெரியாது. சுழிக்குள் இருக்கும் வெள்ளைதான் எழுத்து. அதைக் காப்பாற்ற எழுத்தை அகலமாக்க வேண்டும், சில இடத்தில் கோட்டை மெலிய விட வேண்டும். பலசரக்குக் கடைப் பலகையில் இந்தச் சொல்லைக் கையால் எழுதுகிற பெயிண்டர் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே செய்வார்.

எழுத்துகளைத் துண்டுகளாகப் பார்க்கச் சொல்வதும் ஆங்கிலப் பாடம்தான். ‘என்’னை நீட்டினால் ‘ஹெச்’, புரட்டினால் ‘யு’. இந்தப் பழக்கத்தோடு வருகிறவர்கள் தமிழ் உகரத்தில் திகைத்துப்போகிறார்கள். பதினெட்டு மெய்க்குப் பதினெட்டு உகர வடிவம்; ஒழுங்கே இல்லை என்று முகம் சுளிக்கிறார்கள். ஒழுங்கு இருக்கிறது. ஙு, சு, பு, யு, வு ஐந்தும் கோட்டைக் கீழே இறக்கும் குடும்பம். ஞு, ணு, து, நு, லு, று, னு ஏழும் அடியில் வளைந்து வலப்பக்கம் ஏறும் குடும்பம். கு, டு, மு, ரு, ழு, ளு ஆறும் எழுத்தைச் சுற்றி வளைக்கும் குடும்பம். மூன்றில் எதுவாகும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, மெய்யை எழுதி முடிக்கும்போது பேனா எங்கே நிற்கிறது என்பதுதான். எழுதிப் பார்த்தவருக்கு இது புரியும். வெட்டி ஒட்டியவருக்குப் புரியாது. சந்தையில் ‘துவரம்பருப்பு’ என்ற ஒரே சொல்லைக் காட்டுவேன். து, ரு, பு: மூன்று குடும்பமும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன.

“தமிழில் கலைச்சொல் இல்லையே, அதனால்தான் ஆங்கிலத்தில் தொடங்குகிறோம்” என்பது அடுத்த வாதம். இதைக் கேட்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கொம்பு, சங்கிலிக்கொம்பு, துணைக்கால், சுழி, மேல் விலங்கு, கீழ் விலங்கு, கொக்கி, சிறகு, புள்ளி. தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த சொற்கள் இவை. ஆங்கில எழுத்துக்கோட்டின் முனையில் வரும் சின்னக் குறுக்குக்கோடான ‘செரிஃப்’ என்ற சொல்லுக்கு நிகர் இல்லை என்று தேடுகிறார்கள். தமிழ் எழுத்துக்கு செரிஃப் இல்லாதபோது சொல் எதற்கு? இல்லாத உறுப்புக்குப் பெயர் தேடி, இருக்கும் உறுப்புகளின் பெயரைத் தொலைக்கிறோம்.

வரலாற்றைச் சிலர் துணைக்கு இழுப்பார்கள். தமிழை அச்சேற்றியதே ஐரோப்பியர்தானே, தொடக்கமே அங்கிருந்துதானே என்பார்கள். என்ன நடந்தது என்று பார்ப்போம். என்றீக்கு என்றீக்கசு பாதிரியார் 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார். பதினாறே பக்கம். அதற்கான எழுத்துகளை முந்தைய ஆண்டு கோவாவில் வார்த்திருந்தார்கள். பிறகு கொல்லத்தில் மறுபடி வார்த்தார்கள். தமிழ் வழங்கும் கரைக்குப் பக்கத்தில் வந்து செய்த வேலை அது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு பாதிரியார் காலத்தில் கதை இன்னும் தெளிவு. 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்து தமிழ் அச்செழுத்துகள் கப்பலில் வந்தன. இங்கிருந்து போன மாதிரிகளைப் பார்த்து அங்கே செய்தவை. ஆனால் அளவு பெரிது. புதிய ஏற்பாட்டை அதில் அச்சிட்டால் காகிதம் போதாது. கடைசியில் சிறிய எழுத்தை இங்கேயே வார்த்துக்கொண்டார்கள். 1715இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. உலோகமும் அச்சுக் கருவியும் ஐரோப்பாவிலிருந்து வந்தன, உண்மை. எழுத்தின் அளவையும் வடிவையும் திருத்தியது இந்த மண்ணில்தான்.

ஆங்கில எழுத்தின் நவீன ஆசான் என்று எல்லோரும் கும்பிடும் எட்வர்ட் ஜான்ஸ்டன் என்ன செய்தார்? தன் எழுத்தின் பழைய கைப்பிரதிகளைத் தேடிப் போய் உட்கார்ந்தார். அகல முனைப் பேனாவைச் சாய்த்துப் பிடித்து அந்தக் கோடுகள் எப்படிப் பிறந்தன என்று எழுதி எழுதிக் கண்டுபிடித்தார். அவருடைய நூல் 1906இல் வந்தது. பத்தாண்டு கழித்து லண்டன் சுரங்க ரயிலுக்கு அவர் வரைந்த எழுத்து அந்தப் பயிற்சியின் பலன். நாம் அவருடைய முடிவை எடுத்துக்கொண்டு வழியை விட்டுவிட்டோம். ஜான்ஸ்டனைப் பின்பற்றுகிறவர் தமிழனாக இருந்தால் ஓலைச்சுவடி முன்னாலும், பழைய அச்சு நூல் முன்னாலும், கடைப் பலகை முன்னாலும் போய் நிற்க வேண்டும். எழுத்தாணிக் கோட்டில் தடிப்பும் மெலிவும் இல்லை. ஆகவே தடிப்பு எங்கே வர வேண்டும் என்பது தமிழில் இன்றும் திறந்திருக்கும் கேள்வி. ஆங்கிலத்தைப் பார்த்துச் செங்குத்துக் கோட்டைத் தடிப்பாக்கிவிட்டால் கேள்வியைத் தீர்த்ததாகாது. (ஓலை கிழிந்துவிடும் என்றுதான் தமிழ் வட்டமானது என்று ஒரு கதை சொல்வார்கள். டகரத்தையும் பகரத்தையும் பார்த்துவிட்டு அந்தக் கதையைச் சொல்லட்டும்.)

மென்பொருள் கற்றால் போதும் என்கிறவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. என் உறவினர் ஒருவருக்காக ஒரு ஃப்ளெக்ஸ் பலகை அடிக்கக் கொடுத்தேன். வந்த பலகையில் ‘தேங்காய்’ என்ற சொல்லின் கொம்பு தகரத்துக்குப் பின்னால் ஒரு புள்ளிவட்டத்தோடு நின்றது. அச்சடித்தவர் கணினியில் கைதேர்ந்தவர். கொம்பு முன்னால் வர வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மென்பொருளில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பைத் தேடி மாற்றியிருப்பார்.

கருவிக்கு ஏற்ப எழுத்து வளைய வேண்டும் என்ற எண்ணமும் இதோடு சேர்ந்தே வருகிறது. என் மாமியார் எழுதித் தரும் மளிகைப் பட்டியலில் ‘கறிவேப்பிலை’யின் லை இன்னும் யானைத் துதிக்கையோடு இருக்கும். பெரியார் 1935இல் குடி அரசில் கையாளத் தொடங்கிய திருத்தத்தை 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்றபோது அந்த வடிவம் போனது. ணை, லை, ளை, னையும், ணா, றா, னாவும், அவற்றின் ஒகர ஓகாரங்களும் சேர்த்துப் பதின்மூன்று எழுத்துகள் மாறின. அந்தத் திருத்தத்தை நான் எதிர்க்கவில்லை. பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது. ஆனால் எழுத்து வரையக் கற்கிறவர் பழைய வடிவத்தையும் எழுதிப் பார்க்க வேண்டும் என்பேன். அதே சந்தையில் பக்கத்துப் பலகையில் இருக்கும் மலையாளத்தைப் பாருங்கள். 1971இல் அச்சு வசதிக்காகக் கூட்டெழுத்துகளைப் பிரித்தார்கள். 1999இல் ‘ரசனா’ குழுவினர் அந்தப் பழைய எழுத்துகளைக் கணினியில் திரும்பக் கொண்டுவந்தார்கள். இயந்திரத்தால் முடியாது என்பது அந்தந்தக் காலத்து இயந்திரத்தைப் பற்றிய செய்தி மட்டுமே.

ஆங்கில எழுத்தே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கருப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள சமன், கண் ஓடும் தாளம், பொறுமை இவை எந்த எழுத்திலிருந்தும் கற்கக்கூடியவை. டில்லியில் பலகை எழுதுகிறவருக்கு மூன்று எழுத்து முறையாவது தெரிந்திருக்க வேண்டும். தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே வரியில் வைக்கும்போது தமிழின் உடல் ஆங்கிலப் பெரிய எழுத்துக்கும் சின்ன எழுத்துக்கும் நடுவில் ஓர் உயரத்தில் நின்றால்தான் இரண்டும் சமமாகத் தெரியும் என்பது என் அனுபவம். இதையும் தமிழ் உடலை முதலில் அறிந்தவர்தான் செய்ய முடியும். இன்று நல்ல தமிழ் எழுத்துரு தருகிறவர்களைப் பாருங்கள். இணைமதியை வரைந்த மலேசியாவின் முத்து நெடுமாறன், கட்டமரனை வரைந்த பிரியா ரவிச்சந்திரன், கவிவனரைக் கையெழுத்துச் சாய்வோடு தந்த இலங்கையின் தாரிக் அஸீஸ். ஆங்கிலம் அறிந்தவர்கள்தான் எல்லோரும். ஆனால் அவர்களுடைய தமிழ் ஆங்கிலத்தின் நிழலாக நிற்பதில்லை.

ஐ.என்.ஏ. சந்தையில் மீன் விலை எழுதிய அட்டையில் ஒரு ரூபாய்க் குறி இருக்கும். இந்தி தெரிந்தவரும் தெரியாதவரும் அதை எழுதுகிறார்கள். 2010 ஜூலை 15 அன்று மத்திய அரசு ஏற்ற அந்தக் குறியை வரைந்தவர் தர்மலிங்கம் உதயகுமார். ஐ.ஐ.டி. மும்பையில் முதுகலை படித்தபோது ‘பராசக்தி’ என்ற தமிழ் எழுத்துருவை வரைந்தவர். தமிழ் எழுத்தியலிலேயே முனைவர் ஆய்வு செய்தவர். தமிழில் வேர்விட்டால் வளர்ச்சி தடைப்படும் என்று அஞ்சுகிற பெற்றோருக்கு நான் அந்த அட்டையைத்தான் காட்டுவேன்.

சந்தைக்கு அருகில், லட்சுமிபாய் நகரில், டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. இந்த நகரத்தில் கழகத்துக்கு ஏழு பள்ளிகள். அவற்றின் தமிழாசிரியர்களிடமும் ஓவிய ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். மாதத்துக்கு ஒரு முறை இருவரும் சேர்ந்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைச் சந்தைக்கு அழைத்து வாருங்கள். ஆளுக்கு ஒரு ரெண்டு கோடு நோட்டும் ஒரு பென்சிலும் போதும். கண்ணில் படும் தமிழ்ச் சொற்களை எழுதச் சொல்லுங்கள். பலகையில் பிழை இருந்தால் அதையும் அப்படியே எழுதி, பக்கத்தில் சரியான வடிவத்தை வரையச் சொல்லுங்கள். அந்தச் சான்றிதழ்ப் பையன் இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறான். அவனுடைய மூன்றாவது நோட்டில் ரகரமும் துணைக்காலும் வேறு வேறாக இருக்கின்றன.